மீட்பு: அடகுச் சீட்டிலிருந்து ‘இணை மீட்பர்’ வரை

2025 நவம்பர் 4ஆம் தேதி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை ஓர் ஆவணத்தை வெளியிட்டது. இயேசுவின் தாய் மரியாவை ‘இணை மீட்பர்’ என்ற பட்டத்தால் அழைப்பது பொருத்தமல்ல என்று அது சொன்னது. திருத்தந்தை பதினான்காம் லியோ ஒப்புதல் கொடுத்த ஆவணம் என்பதால், யாரோ ஓர் இறையியலாளரின் கருத்து என்று ஒதுக்கிவிட முடியாது.

செய்தி கைமாறக் கைமாறச் சுருங்கியது. வில்லியனூர் மாதா கோயிலுக்கும் விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிறவர்களுக்கு, ‘அப்படியானால் இத்தனை நாள் வேண்டியது தப்பா?’ என்ற கேள்வி எழுகிறது. லுத்தரன் சபைக் குடும்பங்களில் கேட்கும் பேச்சு வேறு: ‘இதைத்தானே ஐந்நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!’ இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. மீட்பு என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, அது யாருக்குச் சேரும் என்ற வழக்குக்குப் போய்விடுகிறோம். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு சொல், இரண்டு வேலை

தமிழில் ‘மீட்பு’ இரண்டு வேலை செய்கிறது.

ஒன்று, ஆபத்திலிருந்து வெளியே கொண்டுவருவது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோதும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்தபோதும் நாம் தினமும் கேட்ட ‘மீட்புப் படை’ இந்தப் பொருளில் வருவது. வெள்ளத்தில் நிற்கிறவரைப் படகில் ஏற்ற யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இல்லை.

இன்னொன்று, அடகில் இருப்பதைத் திருப்புவது. ‘பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள செயினை மீட்டுடணும்’ என்கிறோமே, அது. அடகுக்கடையில் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இறையியலுக்குத் தேவையான உறுப்புகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. நகையை எடை போட்டு, சீட்டில் கிராம் கணக்கும் தொகையும் எழுதி, நகையைச் சின்ன உறையில் போட்டு அதே எண்ணை உறையிலும் குறித்து உள்ளே வைக்கிறார்கள். நகை இப்போது இருப்பது அவர் பெட்டியில். ஆனால் அது இன்னும் உங்கள் நகை. மீட்கப் போகும்போது சீட்டைக் காட்ட வேண்டும், அசலும் வட்டியும் கட்ட வேண்டும், உறையைப் பிரித்து எடை சரிபார்த்து வாங்க வேண்டும். கெடு தாண்டினால் ஏலம்.

இதில் நான்கு உறுப்புகள்:

1. பிறர் பிடியில் இருக்கும் பொருள்.
2. அதைத் திரும்பக் கேட்கும் உரிமை. வழியில் போகிறவர் எவரும் சீட்டில்லாமல் போய்க் கேட்க முடியாது.
3. கொடுக்க வேண்டிய விலை.
4. பழைய இடத்துக்கே திரும்புதல். புதுச் செயின் வாங்குவது மீட்பு ஆகாது.

கிறிஸ்தவ இறையியலின் மீட்பு அடிப்படையில் இந்த இரண்டாவது வகை. ஆனால் முதல் வகையின் சாயலும் அதில் தொடக்கத்திலிருந்தே கலந்திருக்கிறது. பாதிக் குழப்பம் இந்தக் கலப்பில் பிறக்கிறது.

இரட்சிப்பா, மீட்பா?

மீதிப் பாதி மொழிபெயர்ப்பில். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ‘சோத்தேரியா’ என்றொரு சொல், ‘அப்போலுத்ரோசிஸ்’ என்றொரு சொல். முன்னது பொதுவான காப்பாற்றல். நோயிலிருந்து, கடல் கொந்தளிப்பிலிருந்து, பாவத்திலிருந்து, எதிலிருந்தும். பின்னது விலை கொடுத்து விடுவிப்பது.

சீர்திருத்த சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு முன்னதை இரட்சிப்பு என்றும் பின்னதை மீட்பு என்றும் பெரும்பாலும் பிரித்தே வைத்திருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் சோத்தேரியாவும் மீட்பு, அப்போலுத்ரோசிசும் மீட்பு. மரியாவின் பாடலில் (லூக்கா 1:47) கிரேக்கத்தில் இருப்பது ‘சோத்தேர்’. பழைய மொழிபெயர்ப்பில் அது ‘இரட்சகர்’. திருவிவிலியத்தில் ‘என் மீட்பராம் கடவுள்’. இதனால், லுத்தரன் வீட்டிலிருந்து கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாக வந்த பெண் ‘நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா அத்தை?’ என்று கேட்டால், மாமியார் ‘இயேசு எல்லாரையும் மீட்டுட்டாரே’ என்பார். இருவரும் ஒரே கேள்விக்குப் பேசவில்லை. மருமகள் கேட்டது அவருக்குள் நடந்ததைப் பற்றி. மாமியார் சொன்னது சிலுவையில் நடந்ததைப் பற்றி.

பழைய சிலுவைப்பாதை செபத்தில் ‘உலகத்தை மீட்டு இரட்சித்தீர்’ என்று இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். லத்தீனில் அங்கே ஒரே வினைச்சொல்தான். தமிழாக்கியவருக்கு ஒரு சொல் போதவில்லை என்று தெரிகிறது. அவர் சரியாகவே உணர்ந்திருக்கிறார்.

சட்டத்தில் மீட்பு: லேவியர் 25

மீட்பு வழிபாட்டுச் சொல்லாவதற்கு முன், பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலில், நிலச் சட்டத்தின் சொல். வறுமையால் ஒருவன் தன் காணியை விற்றால், நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்க வேண்டும். விதிகள் துல்லியமானவை; கீழே கடைசி இரண்டும் 25ஆம் அதிகாரத்துக்கு வெளியே வருபவை.

1. நிலம். நிலம் கடவுளுடையது, நிரந்தர விற்பனை கிடையாது. விற்கப்படுவது அடுத்த யூபிலி ஆண்டு, அதாவது ஐம்பதாம் ஆண்டு வரையிலான விளைச்சல்களின் எண்ணிக்கை மட்டுமே. நம் பக்கத்துப் போக்கியத்துக்கு இது கிட்டத்தில் வரும், ஒரு வித்தியாசத்தோடு. போக்கியத்தில் வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். இங்கே ஆண்டுக்கு ஆண்டு தொகை கரையும். ஒரு பேச்சுக்கு, யூபிலிக்கு 20 ஆண்டு இருக்கும்போது 40 வெள்ளிக்கு விற்றால் ஆண்டுக்கு 2. எட்டு ஆண்டு கழித்து மீட்க வந்தால் 24 கொடுத்தால் போதும்.

2. மதில் சூழ்ந்த ஊரிலுள்ள வீடு. ஓராண்டுக்குள் மீட்கலாம். தவறினால் வாங்கியவனுக்கே நிரந்தரம், யூபிலியிலும் திரும்பாது. மதிலில்லாத சிற்றூர் வீடுகளுக்கு நிலத்தின் விதிதான்.

3. ஆள். கடனுக்காக அந்நியனிடம் தன்னையே விற்றுக்கொண்டவனை அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், நெருங்கிய இரத்த உறவு யாரும் மீட்கலாம். வசதி வந்தால் அவனே தன்னை மீட்டுக்கொள்ளலாம். கணக்கு, யூபிலி வரை உள்ள ஆண்டுகளுக்குக் கூலியாள் கூலி வீதத்தில்.

4. தலைப்பிள்ளை. தலைமகன் கடவுளுக்கு உரியவன் என்பதால், ஒரு மாதமான தலைமகனை மீட்க ஐந்து சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல் என்று கொண்டால், ஏழு சவரன் எடை அளவு வெள்ளி. எண்ணிக்கை நூலின் 3ஆம் அதிகாரம் இதைக் கணக்குப் புத்தகம் போலவே எழுதுகிறது: தலைப்பிள்ளைகள் 22,273, அவர்களுக்கு ஈடாக இறைப்பணிக்கு உரிய குலத்தவரான லேவியர்கள் 22,000, மிஞ்சிய 273 பேருக்குத் தலைக்கு ஐந்து வீதம் 1,365 சேக்கல்.

5. காணிக்கை. கடவுளுக்கு நேர்ந்த வீட்டையோ நிலத்தையோ திரும்ப எடுத்துக்கொள்ள மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கட்ட வேண்டும்.

எதை மீட்க முடியாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. கொலைகாரனின் உயிருக்கு ஈட்டுத்தொகை வாங்கக் கூடாது (எண்ணிக்கை 35:31). திருப்பாடல் 49 இன்னும் கடுமை: தன் சகோதரனின் உயிரை எவனும் எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது. புதிய ஏற்பாடு வந்து நிற்பது இந்த முட்டுச்சந்தில்தான்.

கோயேல்: மூன்றாகப் பிளந்த சொல்

மீட்கும் கடமையுள்ள உறவினனுக்கு எபிரேயத்தில் ‘கோயேல்’ என்று பெயர். தமிழ் வாசகருக்கு இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், பழைய மொழிபெயர்ப்பு அந்த ஒரு சொல்லை இடத்துக்கு ஏற்ப மூன்றாகப் பிரித்துவிட்டது. யோபு 19:25இல் ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’. ரூத் 3:9இல் ‘நீர் சுதந்தரவாளி’. கொலையுண்டவனுக்காகப் பழிவாங்கும் உறவினனைச் சொல்லும் எண்ணாகமம் (திருவிவிலியத்தில் ‘எண்ணிக்கை’) 35இல் ‘பழிவாங்குகிறவன்’. மூன்றும் ஒரே ஆள். குடும்பத்தில் ஒரு சேதம் ஏற்பட்டால், நிலமோ வாரிசோ இரத்தமோ, அதை ஈடுசெய்ய முன்வர வேண்டிய பங்காளி.

ரூத் கதையின் நான்காம் அதிகாரம் இதற்கு ஒரு பத்திரப்பதிவு அலுவலகக் காட்சி. ஊர்வாசலில் பத்து மூப்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ரூத்தின் இறந்த கணவனுக்கு உறவினனான போவாஸ் மீட்க வருகிறான், ஆனால் அவனை விட நெருங்கிய பங்காளி ஒருவன் இருக்கிறான். முதல் உரிமை அவனுக்கு. நிலத்தை மட்டும் சொன்னதும் ‘மீட்கிறேன்’ என்கிறான். நிலத்தோடு விதவை ரூத்தையும் ஏற்று, இறந்தவன் பெயருக்கு வாரிசு உண்டாக்க வேண்டும் என்றதும் ‘என் சொத்து கெட்டுவிடும்’ என்று பின்வாங்கி, செருப்பைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விடுகிறான். போவாஸ் அதை ஏற்கிறான்.

இதிலிருந்து மீட்பவனுக்கு வேண்டிய தகுதிகளைப் பிரித்தெடுக்கலாம்: உறவு இருக்க வேண்டும், கொடுக்க வகை இருக்க வேண்டும், தனக்கு நட்டம் என்றாலும் மனம் இருக்க வேண்டும். நான்காவது ஒன்றைச் சட்டம் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை: அவனே அடகில் கிடக்கக் கூடாது. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இணை மீட்பர்’ கேள்வி இங்கே வந்துதான் தீரும்.

இஸ்ரயேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதைச் சொல்லும் விடுதலைப் பயண நூலில் கடவுள் தம்மைப் பற்றிச் சொல்லும்போதும் இதே வினைச்சொல் வருகிறது (6:6). ஆனால் அங்கே எகிப்து மன்னன் பார்வோனுக்கு ஒரு காசும் கட்டப்படவில்லை. ‘ஓங்கிய கையால்’ மீட்டார். ஆக விலையுள்ள மீட்பும் விலையில்லா மீட்பும் எபிரேயத்திலேயே ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன. தமிழ்ச் சொல்லின் இரட்டைத்தன்மையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது மூலத்தோடு ஒத்துப்போகிறது.

புதிய ஏற்பாட்டில்

கிரேக்கத்தில் ‘லுத்ரோன்’ என்பது போர்க்கைதியை, அடிமையை விடுவிக்கக் கட்டும் தொகை. மாற்கு 10:45இலும் மத்தேயு 20:28இலும் இயேசு தம் சாவைச் சொல்லும் சொல் அது. பழைய மொழிபெயர்ப்பு ‘மீட்கும்பொருள்’ என்கிறது. திருவிவிலியம் ‘மீட்புக்கு ஈடாக’ என்கிறது. இரண்டும் நல்ல தமிழாக்கம். ‘ஈடு’ என்ற சொல் அடமானத்துக்கும் உரியது என்பதால் இரண்டாவதில் கூடுதல் அழுத்தம் இருக்கிறது.

திருத்தூதர் பவுல் கடிதம் எழுதிய ஊர்களில் இது உவமை மட்டுமல்ல, நடைமுறை. கிரேக்க நாட்டில் தெல்ஃபி கோயில் சுவர்களில் அடிமைகள் விடுதலையான ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் கல்வெட்டாக இருக்கின்றன. அடிமை அப்பொல்லோ தெய்வத்துக்கு ‘விற்கப்படுவான்’. தொகை உடைமையாளன் கைக்குப் போகும். அதன்பின் எந்த மனிதனும் அவனுக்கு உரிமை கொண்டாட முடியாது. ‘நீங்கள் விலைகொடுத்து வாங்கப்பட்டவர்கள்’ என்று கொரிந்தியருக்கு எழுதினால் படிப்பவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. புதுச்சேரிக்காரருக்கும் அது அவ்வளவு தூரத்துச் செய்தியல்ல. 18ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து மொரீசியசுக்கும் ரீயூனியனுக்கும் ஆட்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

ரோமர் 3:24-25இல் பவுல் மூன்று இடங்களிலிருந்து மூன்று சொற்களை அடுக்குகிறார்: நீதிமன்றத்திலிருந்து ‘நீதிமான்களாக்கப்படுதல்’, அடிமைச் சந்தையிலிருந்து ‘மீட்பு’, ஆலயத்திலிருந்து பாவக்கழுவாய். மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக் கடைசிவரை இழுத்தால் கிழியும். அடுத்த பகுதி, அப்படி இழுத்ததன் வரலாறு.

விலை யார் கையில் போனது?

மீட்பு என்றால் விலை. விலை என்றால் வாங்கிக்கொண்டவர் யார்? புதிய ஏற்பாடு இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. கிறிஸ்துவின் இரத்தம் விலை என்கிறது (1 பேதுரு 1:18-19). பெற்றுக்கொண்டவர் பெயர் எங்கும் இல்லை. சொல்லப்படாத இடத்தை நிரப்பப் பல நூற்றாண்டுகள் பாடுபட்டார்கள்.

சாத்தானுக்கு. 3ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் ஓரிஜன் இப்படி நினைத்தார்: மனிதன் பாவத்தால் சாத்தானிடம் அடைபட்டான், ஆகவே தொகை அவனுக்கு. 4ஆம் நூற்றாண்டில் நீசா கிரகோரியார் இதற்கு ஒரு தூண்டில் உவமை சேர்த்தார்: மனித உடல் இரை, உள்ளே மறைந்த இறைமை முள், சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான். கடலோரத்தில் இந்த உவமை உடனே புரியும். ஆனால் கடவுள் ஏமாற்றினார் என்ற நெருடலும் உடனே வரும்.

அதே காலத்தில் அவர் நண்பர் நசியான்சு கிரகோரியார் நேரடியாகவே மறுத்தார். கொள்ளைக்காரனுக்கு மீட்புத்தொகையா? அதுவும் கடவுளையே தொகையாகக் கொடுத்தா? சரி, தந்தைக்குக் கொடுத்தது என்றால், நம்மைச் சிறைபிடித்தது தந்தை அல்லவே. ஈசாக்கையே பலியாக ஏற்காதவர் தம் மகனின் இரத்தத்தில் மகிழ்வாரா? தந்தை அதை ஏற்றார். ஆனால் கேட்டதாலோ தேவைப்பட்டதாலோ அல்ல என்று முடித்தார்.

இந்த வாதத்தின் கூர்மையைப் பார்க்க நம் மாவட்டங்களின் செங்கல் சூளையும் கரும்பு வெட்டும் போதும். முன்பணம் வாங்கிய இருளர் குடும்பம் அதைக் கழிக்க முடியாமல் சூளையிலேயே கிடக்கும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மீட்கும்போது, கோட்டாட்சியர் சூளைக்காரருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டா கூட்டிவருகிறார்? இல்லை. சட்டத்தின் 6ஆம் பிரிவு அந்தக் கடனையே இல்லாமலாக்குகிறது. விடுதலைச் சான்று கையில் கொடுக்கப்படுகிறது. அநியாயமாகப் பிடித்துவைத்தவனுக்கு விலை பெற உரிமை இல்லை. நசியான்சு கிரகோரியார் சொன்னதும் இதுவே.

கடவுளுக்கு. 1098 வாக்கில் இங்கிலாந்தின் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் கேள்வியையே மாற்றினார். பாவம் என்பது கடவுளுக்குரிய மாண்பைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. ஆகவே கடன் அவரிடம். கொடுக்க வேண்டியவன் மனிதன்; கொடுக்கக் கூடியவர் கடவுள் மட்டுமே; எனவே இரண்டுமான ஒருவர் தேவை. ஆன்செல்மின் அமைப்பில் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம்: ஈடுசெய்தல், அல்லது தண்டனை. இயேசு ஈடுசெய்தார், அதனால் தண்டனை தேவையற்றுப் போனது. 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதி கால்வின் அந்தத் தண்டனையையே இயேசு ஏற்றார் என்றார். மேடைப் பிரசங்கங்களில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கம். ஒன்றல்ல. முன்னதில் இயேசு கடனைத் தீர்க்கிறார். பின்னதில் நம் இடத்தில் தண்டனை அனுபவிக்கிறார்.

யாருக்கும் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அபெலார், சிலுவை அன்பைக் காட்டி நம் மனத்தைத் திருப்புகிறது என்பதற்கு அழுத்தம் கொடுத்தார். அழகானது. ஆனால் அடகில் இருக்கும் நகைக்கு அன்பைக் காட்டினால் போதுமா என்று கேட்கத் தோன்றும். 1930களில் ஸ்வீடன் லுத்தரன் இறையியலாளர் குஸ்தாஃப் ஔலேன் தொடக்க காலத் திருச்சபைத் தந்தையரிடம் திரும்பி, மீட்பு என்பது பாவம், சாவு, தீமை ஆகியவற்றின் மீதான வெற்றி என்றார். எகிப்திலிருந்து விலையின்றி மீட்ட ‘ஓங்கிய கை’யின் சாயல் இது.

இவற்றில் எதையும் ஆயர்கள் கூடும் பொதுச்சங்கம் எதுவும் ‘இதுவே ஒரே விளக்கம்’ என்று அறுதியிட்டதில்லை. நிசேயா நம்பிக்கை அறிக்கை ‘நமக்காகவும் நம் மீட்புக்காகவும்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. என் கணிப்பில் அது தெரிந்தே காத்த மௌனம். விலை என்பது மீட்பருக்கு ஆன செலவைச் சொல்கிறது. வரவு வைத்தவரைச் சொல்லவில்லை. போவாஸ் கதையிலும் பணம் யார் பையில் போனது என்பது யார் நினைவிலும் நிற்பதில்லை, அவன் சொத்தைப் பணயம் வைத்ததுதான் நிற்கிறது.

முடிந்ததா, பாக்கி இருக்கிறதா?

‘ஏற்கெனவே மீட்டாயிற்று என்றால் இன்னும் ஏன் பாவம், ஏன் சாவு?’ என்பது அடுத்த கேள்வி. புதிய ஏற்பாட்டில் மீட்பு மூன்று காலத்திலும் வருகிறது. சிலுவையில் முடிந்தது (எபிரேயர் 9:12). பாவமன்னிப்பாக இப்போது கையில் இருக்கிறது (எபேசியர் 1:7). உடலின் மீட்பாக இனி வர வேண்டியது (ரோமர் 8:23). இடையில் இருக்கும் காலத்துக்குப் பவுல் தரும் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு ‘அச்சாரம்’ என்கிறது (எபேசியர் 1:14). தூய ஆவி அச்சாரம். அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்க மாட்டார்; ஆனால் பத்திரம் பதிவாகும் நாள் இன்னும் வரவில்லை.

சபைகள் பிரிந்தது பெரும்பாலும் இந்த இடத்தில், அதாவது முடிந்த மீட்பு ஒருவருக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதில். விசுவாசத்தினால் மட்டுமே என்றது லுத்தரன் தரப்பு. திருமுழுக்கு, அருள்சாதனங்கள், அருளால் உள்ளே நடக்கும் மாற்றம் இவற்றையும் சேர்த்தே பேச வேண்டும் என்றது திரிதெந்து பொதுச்சங்கம் (1545-1563). 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதன் அடிப்படை உண்மைகளில் ஒத்துப்போவதாகக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பில் இருப்பதுதான். ஆகவே ஐந்நூறு வருஷச் சண்டை என்ற பேச்சில் கடைசிப் பக்கத்தைப் பலர் படிக்கவில்லை.

‘இணை மீட்பர்’ ஏன் நிற்கவில்லை?

பட்டத்தின் வரலாறு சற்று வேடிக்கையானது. ‘மீட்பரின் தாய்’ என்பது சுருங்கி, மத்திய காலத்தில் சிலர் மரியாவையே ‘மீட்பவள்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். அது அதிகம் என்று 15ஆம் நூற்றாண்டில் முன்னே ‘கோ’ (co) என்ற லத்தீன் ஒட்டைச் சேர்த்துத் தணித்தார்கள். உயர்த்துவதற்காக வந்ததல்ல, குறைப்பதற்காக வந்த ஒட்டு அது. 20ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையர் சிலரும் பயன்படுத்தினார்கள், இரண்டாம் யோவான் பவுல் உட்பட. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964இல் மரியாவைப் பற்றி விரிவாக எழுதியும் இந்தப் பட்டத்தைத் தவிர்த்தது. 1996இல் அன்றைய கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) இதற்கு எதிராகக் கருத்துச் சொன்னார். 2025 ஆவணம் புதிதாக ஒன்றைப் பறிக்கவில்லை. நெடுநாள் தயக்கத்தை எழுத்தில் வைத்தது. அது சொல்லும் காரணம் எளிமையானது: தப்பாகப் புரியாமலிருக்க ஒரு சொல்லுக்குத் திரும்பத் திரும்ப விளக்கம் தேவைப்படுகிறது என்றால், அந்தச் சொல் மக்களின் விசுவாசத்துக்கு உதவாது.

கோயேல் தகுதிகளை இப்போது வைத்துப் பாருங்கள்.

1. அடகில் கிடக்காதவர். புதுச்சேரியின் சம்பா கோயில் அமல உற்பவ மாதாவின் பேராலயம். அமல உற்பவம் என்பது மரியா கருவான நொடியிலிருந்தே பிறவிப் பாவம் தீண்டாதவர் என்ற கோட்பாடு; அவர் மீட்புத் தேவைப்படாதவர் என்பதல்ல. 1854 டிசம்பர் 8இல் ஒன்பதாம் பயஸ் அறிவித்த கோட்பாட்டின் சொற்களே ‘இயேசு கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டு’ அவர் பாதுகாக்கப்பட்டார் என்கின்றன. அதற்கு ஐந்தரை நூற்றாண்டு முன்பே இறையியலாளர் துன்ஸ் ஸ்கோட்டஸ் இதற்கு வழிபோட்டார்: விழுந்தபின் தூக்குவதை விட விழாமல் தாங்குவது பெரிய மீட்பு. நகை கடைக்குப் போகும் முன்பே யாரோ கடனை அடைத்துவிட்ட மாதிரி. அடைத்தவர் வேறு. ஆகவே அவர் மீட்கப்பட்டவர்களில் முதல்வர். மீட்டவர் வரிசையில் அல்ல. ‘என் மீட்பராம் கடவுள்’ என்று அவர் பாடியதும் அதனால்தான்.

2. விலை. ஒரே இடைநிலையாளர், அவரே தம்மை மீட்பின் ஈடாகக் கொடுத்தார் என்கிறது 1 திமொத்தேயு 2:5-6. சிலுவையடியில் மரியா நின்றார், வேதனைப்பட்டார். ஆனால் அந்த வேதனை விலையில் ஒரு பங்கு என்றால், மீதி மட்டுமே இயேசு கட்டியதாகிவிடும்.

3. உறவு. இங்கேதான் மரியாவின் இடம் இருக்கிறது. சண்டையில் இதை இரு தரப்பும் கவனிப்பதில்லை. மீட்பவன் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. கடவுளின் மகன் நமக்கு இரத்த உறவானது எப்படி? எபிரேயர் 2ஆம் அதிகாரம் சொல்லும் அந்தச் சதையும் இரத்தமும் அவருக்கு வந்தது இந்தத் தாயிடமிருந்து. மீட்கும் உரிமைக்கு அடிப்படையான உறவு அவர் வழியாக வந்தது. மீட்கும் விலை அவரிடமிருந்து வரவில்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. லத்தீன் ஒட்டுக்கு ‘உடன்’ என்றுதான் பொருள். கீழிருந்து உதவுகிறவருக்கும் அது பொருந்தும். நாம் அதை ‘இணை’ என்று ஆக்கிவிட்டோம். ‘இணையில்லாதவர்’ என்றால் தமக்குச் சமமானவர் எவரும் இல்லாதவர். அரசு அலுவலகத்திலும் இணை இயக்குநர் துணை இயக்குநருக்கு மேலே. லத்தீனில் தணிக்க வந்த ஒட்டு, தமிழில் ஏற்றிவிட்டது. அங்கே பத்து வரி விளக்கம் தேவைப்பட்டால், இங்கே இருபது வரி வேண்டும்.

நடைமுறையில் எது மாறும்?

கொடியேற்றம், தேர்பவனி, செபமாலை, வில்லியனூர் நடைபயணம், எதுவும் மாறாது. ஆவணம் பக்தியைத் தொடவில்லை; பட்டத்தைத்தான் தொட்டது. திருவிழா நோட்டீஸ் அடிக்கிறவர்களும் புதுப் பாட்டு எழுதுகிறவர்களும் கவனிக்க வேண்டியவை:

1. ‘இணை மீட்பர்’, ‘மீட்பில் சமபங்காளி’ போன்றவற்றைத் தவிர்க்கவும். ‘மீட்பரின் தாய்’ என்பதற்கு எந்தத் தடையும் இல்லை.
2. ‘எல்லா அருளுக்கும் இடைநிலையாளர்’ என்ற பட்டத்திலும் அதே ஆவணம் எச்சரிக்கை கேட்கிறது. அருள் ஊற்றெடுக்கும் இடமாக மரியாவைக் காட்டும் வரிகள் திருத்தப்பட வேண்டியவை.
3. பரிந்துரைக்கிறவர், உதவுகிறவர், தாய் ஆகிய சொற்கள் அப்படியே இருக்கலாம். ‘கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற’ செபத்தில் பாட்டிமார் சொல்லிவரும் ‘எங்களுக்காக வேண்டி மன்றாடுகிற தாயே’ என்ற வரியில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. மன்றாடுகிறவர் வேறு, விலை கட்டுகிறவர் வேறு என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.